பயணத் தடை வழக்குகள்: புதியவர்கள் செய்யும் தவறுகள்

2025 ஜூனில் 12 நாட்டுக்காரர்களுக்கு அமெரிக்கா மறுபடியும் கதவைச் சாத்தியதிலிருந்து, எங்கள் இலவச சட்ட உதவி மையத்துக்கு இளம் வக்கீல்கள் வந்தபடி இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், ராத்திரி பகல் பார்க்காமல் உழைக்கிறார்கள். ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள சில நாட்டுக்காரர்களுக்கு டிரம்ப் முதல்முறை பயணத் தடை போட்ட 2017இல் நான் எங்கெங்கே சறுக்கினேனோ அங்கேயேதான் அவர்களும் சறுக்குகிறார்கள். கடைசித் தேதியைத் தவறவிடாதே, பெயரைச் சரியாக எழுது என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

மதம் எல்லாச் சட்டத்திலும் இருக்கும் என்று நம்புவது

குடியேற்ற விசா கொடுப்பதில் இனம், பால், தேசியம், பிறந்த இடம், வசிப்பிடம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 1965ஆம் ஆண்டுச் சட்டம். மதம் அந்தப் பட்டியலில் இல்லை. மத வாதத்துக்கு, மதச் சுதந்திரத்தைக் காக்கும் அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்குத்தான் போக வேண்டும்.

டிரம்பின் பேச்சுகளைத் திரட்டிவிட்டுக் குடும்பத்தை மறப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. முஸ்லிம்கள் நாட்டுக்குள் வருவதை அடியோடு நிறுத்த வேண்டும் என்று 2015 டிசம்பர் 7 அன்று டிரம்ப் அறிக்கை விட்டார். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

2018 தொடக்கத்தில் ஒரு யேமன்காரர் வந்தார். மளிகைக்கடை வைத்திருப்பவர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர், மனைவியும் மகனும் வெளிநாட்டில். விசா நேர்காணல் முடிந்ததும் மனைவி கையில் ஒரு சீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். அச்சடித்த வரிகளுக்கு நேரே இரண்டு டிக்: விசா மறுக்கப்பட்டது, விதிவிலக்கு பரிசீலனையில் உள்ளது. தடை உத்தரவிலேயே சிலருக்கு விலக்கு தர இடம் இருந்தது. ஆனால் எதற்காக விலக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையாம், ஒரு காகிதம் வாங்கவில்லையாம். அந்தச் சீட்டைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினார். பாதி நிழல், தேதி இருந்த மூலை படத்திலேயே இல்லை. ‘சரி, கிடைத்தது’ என்று பதில் போட்டுவிட்டு நான் மறுபடியும் பேச்சுகளைத் தேடப் போய்விட்டேன். மனு வரைவில் பேச்சுக்கு 43 பக்கம், அந்தக் குடும்பத்துக்கு ஒன்றரைப் பக்கம்.

ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்று தடைக்குப் பச்சைக்கொடி காட்டியது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அந்தப் பேச்சுகளைத் தீர்ப்பிலேயே எடுத்துப் போட்டார். போட்டுவிட்டு, உத்தரவின் வாசகத்தில் மதம் இல்லை, பாதுகாப்பு என்று காரணம் சொல்லியிருக்கிறார்கள், அது போதும் என்று முடித்துவிட்டார். அது அநியாயமான தீர்ப்பு என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் நீதிபதி பிரேயரின் மாறுபட்ட தீர்ப்பைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் பிடித்துக்கொண்டது விதிவிலக்கை. தகுதியுள்ள 6,555 பேரில் முதல் மாதம் விலக்கு கிடைத்தது 2 பேருக்கு. எழுதி வைத்த விலக்கை யாருக்கும் கொடுப்பதில்லை என்றால் பாதுகாப்பு என்ற காரணத்தை எப்படி நம்புவது?

எங்கள் வழக்குக்கு அப்போது மிஞ்சியிருந்ததும் அந்த ஒரு வழிதான். அதற்கு அந்தச் சீட்டு வேண்டும். அதற்குள் மனைவி இரண்டு வீடு மாறியிருந்தார், சீட்டு தொலைந்துபோயிருந்தது. 2021 ஜனவரி 20 அன்று பைடன் தடையை நீக்கிய பிறகுதான் அவர்களுக்கு விசா கிடைத்தது. மகனுக்குப் பால்பல் விழுந்ததையும் புதுப்பல் முளைத்ததையும் அப்பா போனில்தான் பார்த்தார்.

அதனால் சீட்டின் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து வாங்குங்கள். நேர்காணல் நடந்த அன்றைக்கே எத்தனை நிமிடம் பேசினார்கள், என்னென்ன கேட்டார்கள், மதம் பற்றிக் கேள்வி வந்ததா என்று அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம் பிரமாணப் பத்திரமாக்கலாம். பேச்சுகள் எங்கேயும் ஓடிவிடாது, இணையத்தில் கிடக்கும்.

எங்கோ ஒரு நீதிபதி பயணத் தடையை நாடு முழுக்க நிறுத்துவார் என்று காத்திருப்பது

2017 பிப்ரவரியில் சியாட்டில் நீதிபதி அப்படி ஒரு உத்தரவு போட்டார், நாடு முழுக்கப் பயணத் தடை நின்றது. 2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழியைப் பெருமளவு அடைத்துவிட்டது. வழக்கில் உங்கள் கட்சிக்காரர் இருக்க வேண்டும், இல்லையென்றால் கூட்டு வழக்காகப் போட வேண்டும்.

பழைய உத்தரவை வைத்து வாதாடுவது

2017இல் மட்டும் மூன்று உத்தரவுகள்: ஜனவரி 27, மார்ச் 6, செப்டம்பர் 24. மூன்றிலும் நாடுகளின் பட்டியல் வேறு வேறு.

விமான நிலையத்தில் ஐ-407 படிவம்

கிரீன் கார்டைத் தானாகவே விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் படிவம் அது. அதிகாரிகள் நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று கட்சிக்காரரிடம் விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.