விரலில் மின்னுவது இமையில் மின்னாது: பவுடர் ஐஷேடோ வாங்குவோர் செய்யும் தவறுகள்

என் முதல் ஐஷேடோ பேலட்டில் 18 நிறங்கள். கடையில் விரலால் தொட்டு முன்கையில் இழுத்துப் பார்த்தபோது மயில்கழுத்து நிறம் பளீரென்று நின்றது. வீட்டுக்கு வந்து பிரஷ்ஷால் இமையில் போட்டால், சிலேட்டைச் சரியாக அழிக்காத மாதிரி ஒரு சாம்பல் திட்டுதான் தெரிந்தது. மயில்கழுத்து முழுக்கக் கன்னத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. பவுடர் மோசமா, என் கை மோசமா என்று ரொம்ப நாள் குழம்பினேன். இரண்டும்தான்.

அந்த விரல் சோதனைதான் முதல் தவறு. விரல் நுனியில் சூடு உண்டு, எண்ணெய்ப் பசை உண்டு. அழுத்தித் தேய்க்கவும் செய்கிறோம். முன்கையின் உட்புறமோ மடிப்பில்லாத, வழுவழுப்பான, நம் உடம்பிலேயே கொஞ்சம் வெளுத்த இடம். இவ்வளவு சலுகை கொடுத்தால் சுமாரான பவுடர்கூட அழகாகத்தான் தெரியும். ஷிம்மர் வகைக்கு இது இன்னும் பொருந்தும். ஷிம்மரின் மினுமினுப்பு பெரும்பாலும் மைக்காவிலிருந்து வருகிறது. நம் ஊரில் காக்காப்பொன் என்பார்களே, அதேதான். அதன் மெல்லிய தகடுகள் மேல் டைட்டானியம் டைஆக்சைடைப் பூசுகிறார்கள். அந்தப் பூச்சின் தடிமன் மாற மாற வெள்ளி, பொன், சிவப்பு, நீலம், பச்சை என்று மின்னும் நிறமும் மாறும். விரலால் அழுத்தும்போது இந்தத் தகடுகள் எல்லாம் படுத்துக்கொண்டு கண்ணாடி போல ஒளியைத் திருப்புகின்றன. பஞ்சு மாதிரியான பிரஷ்ஷால் வீசினால் அவை தாறுமாறாகச் சிதறி, மினுக்கம் போய்விடுகிறது. அதனால் ஷிம்மரை விரலாலோ தட்டையான பிரஷ்ஷாலோ ஒற்றி எடுத்து வையுங்கள், தேய்க்காதீர்கள். அதேபோல், ஷிம்மர் விரலில் ஜொலிப்பதை வைத்து மொத்தப் பேலட்டுக்கும் மார்க் போடாதீர்கள்.

மினுக்கமே இல்லாத மேட் நிறங்களில்தான் தயாரிப்பாளரின் கைவண்ணம் தெரியும். அதிலும் எல்லா மேட்டும் அல்ல. பழுப்பு, செங்கல், காப்பிப்பொடி நிறங்கள் எல்லாம் சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகளைக் கலந்து வருபவை. இவை மலிவானவை, நன்றாக மூடுபவை. இவற்றைக் கெடுக்கத் தனித் திறமை வேண்டும். நீலத்துக்குப் பயன்படும் அல்ட்ராமரினும் ஊதாவுக்கான மாங்கனீஸ் வயலட்டும் அப்படியல்ல. அவற்றின் நிற வலு குறைவு, இமையில் சீராகப் பரவ மறுக்கும். எனவே கடையில் டெஸ்டர் இருந்தால் பழுப்பை விட்டுவிடுங்கள். சுத்தமான பிரஷ் கேட்டு வாங்கி, மேட் நீலத்தையோ கத்திரிப்பூ நிறத்தையோ புறங்கையில் ஒரே ஒரு இழுப்பு இழுங்கள். திட்டுத்திட்டாக நிற்கிறதா, ஓரத்தைக் கலைத்தால் மெதுவாக மங்குகிறதா, அல்லது மொத்தமாகக் காணாமல் போகிறதா என்று பாருங்கள். நீலம் தேறினால் பழுப்பு தேறும்.

பவுடர் 'வெண்ணெய் மாதிரி' இருந்தால்தான் நல்லது என்பது அடுத்த தப்புக் கணக்கு. இதற்குப் புட்டு மாவை நினைத்துக்கொள்ளுங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். டால்க், மைக்கா, நிறப்பொடி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க ஜிங்க் ஸ்டியரேட், மெக்னீசியம் ஸ்டியரேட் போன்றவற்றோடு கொஞ்சம் சிலிக்கோனோ எண்ணெயோ விட்டு, அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். இந்தப் பிடிப்பு குறைந்தால் இமையைவிடக் கன்னத்துக்குத்தான் அதிகம் போகும். அதிகமானாலோ, ரொம்ப இறுக்கி அழுத்தினாலோ, பிரஷ்ஷில் எதுவுமே ஏறாது. ஆனால் பிரஷ் பட்டதும் பவுடர் இருக்கும் கிண்ணத்தில் கொஞ்சம் தூள் எழுந்தால் பயப்பட வேண்டாம். நிறப்பொடி அதிகமுள்ள நல்ல பவுடர்களும் அப்படித்தான். அவற்றைத் தோண்டாமல் தொட்டு எடுத்து, ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போட்டால் போதும்.

நன்றாக இருந்த பவுடர் சில மாதத்தில் மேலே பளபளவென்று தோல் கட்டி, நிறம் தர மறுத்தால் கம்பெனியைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் அது நம் தோலின் எண்ணெய், பிரஷ் வழியாகப் போய்ச் சேர்ந்தது. செல்லோடேப்பை லேசாக ஒட்டி எடுத்தால் அந்த மேல்தோல் வந்துவிடும். நிறம் பளிச்சென்று வரட்டும் என்று ஈரப் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் தொடுவதும் இதே வம்புதான். இறுகுவதோடு, ஈரம் கிருமிக்கும் வழிவிடும். முதலில் பவுடரை எடுத்துக்கொண்டு, அப்புறம் பிரஷ் மேல் ஸ்ப்ரே அடியுங்கள்.

மாநிறம், கறுப்பு நிறத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இளரோஜா, இளநீலம் போன்ற வெளிர் நிறங்களை வெளிறச் செய்ய டைட்டானியம் டைஆக்சைடு சேர்ப்பார்கள். மட்டமான பவுடரில் இதோடு வெள்ளை நிரப்பிகளும் தூக்கலாக இருந்தால், இமையில் விபூதி பூசிய மாதிரி நிற்கும். அக்கா கல்யாண ஆல்பத்தில் ஃபிளாஷ் அடித்த படங்களில் எல்லாம் என் கண் அப்படித்தான் இருக்கிறது. நம் தோலுக்கு வெளிர் நிறமே ஆகாது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பவுடர் பிடித்து நிற்க முதலில் பூசும் ப்ரைமரைத் தோலின் நிறத்தில் அடியில் பூசி, வெளிர் நிறத்தை ஷிம்மரில் தேர்ந்தெடுத்தால் அந்தச் சாம்பல் பெருமளவு தெரியாது.

ப்ரைமர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நைட் க்ரீமின் மிச்சமோ, கருமையை மறைக்கப் பூசிய கன்சீலர் காயாமலோ இருக்கும் இமையில் நேராகப் பவுடரைப் போட்டால், முதலில் பட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டு கலையவே கலையாது. மே மாதச் சென்னையில் இரண்டு மணி நேரத்தில் மடிப்பில் கோடாகவும் சேர்ந்துவிடும். துடைத்து, ப்ரைமரை மெலிதாகப் பூசி, ஒரு நிமிடம் காயவிடுங்கள்.

விலையைப் பார்க்கிறோம், எடையைப் பார்ப்பதில்லை. ஒரு கிண்ணத்தில் பெரும்பாலும் 1 முதல் 2 கிராம்தான் இருக்கும். உதாரணமாக 12 கிராம் பேலட் 600 ரூபாய் என்றால் கிராமுக்கு 50 ரூபாய். அதில் மூன்று நிறம்தான் போடுவீர்கள் என்றால், அந்த மூன்றையும் தனித்தனியாக வாங்குவதுதான் பலருக்கு லாபம்.

அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்குவது கண் விஷயத்தில் கொஞ்சம் அபாயம். சிஐ என்பது நிறமிக்கான எண். சிஐ 75470 என்றிருந்தால் அது கார்மைன், கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு, சைவர்கள் கவனிக்க. கண்ணைப் பறிக்கும் நியான் ரோஜாக்களில் பயன்படும் சில நிறமிகளுக்கு அமெரிக்காவில் கண் பகுதிக்கு அனுமதி இல்லை. அதனால் சில பேலட்டுகளில் ஐஷேடோ என்று சொல்லாமல் 'பிரஸ்ட் பிக்மென்ட்' (அழுத்திய நிறப்பொடி) என்று போட்டு, கண்ணருகே வேண்டாம் என்று பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள் நிறத்துக்காக ஈயம், ஆர்சனிக் சேர்மங்களைச் சேர்ப்பதைத் தடை செய்கின்றன. ஆனால் தயாரித்தவர் பெயரே இல்லாத போலிப் பெட்டிக்குள் எந்த விதி போய் எட்டிப் பார்க்கும்? இறக்குமதிச் சரக்கானால் இறக்குமதியாளர் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். கைவினைக் கடை கிளிட்டரை மட்டும் எக்காரணம் கொண்டும் இமையில் வைக்காதீர்கள். அதன் கூரான விளிம்பு கருவிழியைக் கீறிவிடும்.

திறந்த டப்பா படத்துக்குள் 12எம், 24எம் என்று இருப்பது, திறந்த பிறகு எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்கு. பவுடர் சீக்கிரம் கெடாது என்பது உண்மைதான். ஆனால் மெட்ராஸ் ஐ வந்த கண்ணில் பட்ட பவுடருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதை அன்றைக்கே குப்பையில் போட்டுவிடுங்கள், தொட்ட ஸ்பாஞ்சையும் சேர்த்து.