முதல் 100 கி.மீ. சைக்கிள் பயணமா? எதிர்காற்றில் கிளம்புங்கள்

போய்த் திரும்பும் நீண்ட பயணம் என்றால், போகும்போது எதிர்காற்று இருக்கும்படி திசையைத் தேர்ந்தெடுங்கள். காலில் தெம்பு இருக்கும்போதே கஷ்டத்தை முடித்துவிடலாம், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும்.

காற்றின் தடை, அது நம்மீது மோதும் வேகத்தின் வர்க்கமாக ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. 20 கி.மீ. வேகத்தில் மிதிக்கும்போது 10 கி.மீ. வேகக் காற்று எதிரே வந்தால் தடை இரண்டே கால் மடங்கு. அதே காற்று முதுகில் அடித்தால் கால் பங்குதான்! முதல் முறை போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்: போகும்போது காற்று தள்ளுவதைத் தன் பலம் என்று நினைத்து வெகுதூரம் போய்விடுவார்கள். மார்கழியில் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போவது சுகம். திரும்பும்போது வடகிழக்கு வாடை முகத்தில் அடிக்கும். அந்த மாதங்களில் பாதி வழியிலுள்ள கோவளத்தோடு திரும்பிவிடுவது நல்லது.

சித்திரை, வைகாசியில் இந்தக் கணக்கு சரிவராது. கடற்காற்று பகலில்தான் எழும்பும், காலைக் காற்றைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. மலைப்பாதையிலும் காற்றைவிட ஏற்றத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.