பச்சைக் கட்டையில் முதல் கிண்ணம்: லேத்தில் மரம் கடைய ஒரு தொடக்கம்

மரம் கடையக் கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் நன்றாகக் காய்ந்த கட்டையைத் தேடிப் போகிறார்கள். நான் பச்சைக் கட்டையில் ஆரம்பிக்கச் சொல்வேன். ஈரம் இருக்கும் மரம் உளிக்கு இணங்கி வரும், சீவல் நீளமாகச் சுருண்டு விழும், தூசியும் குறைவு. ஆனால் ஒரே கிண்ணத்தை இரண்டு முறை கடைய வேண்டும்: முதலில் தடிமனாக, காய்ந்த பிறகு மெல்லியதாக.

1. கட்டையைப் பிளப்பது

கிண்ணம் எவ்வளவு அகலம் வேண்டுமோ, அதைவிடச் சற்று நீளமாக மரத்துண்டை வெட்டுங்கள். பிறகு நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவில் புள்ளியாகத் தெரியும் மையப் பகுதியை இரு பாதியிலிருந்தும் சீவி எடுத்துவிடுங்கள். விரிசல்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். வெட்டிய முனைகள் வழியாக ஈரம் வேகமாக வெளியேறும் என்பதால், உடனே கடையப்போவதில்லை என்றால் முனைகளில் மெழுகு பூசி வையுங்கள்.

2. லேத்தில் ஏற்றுவது

பிளந்த தட்டையான பக்கம் கிண்ணத்தின் வாய், பட்டைப் பக்கம் அடி. தட்டையான பக்கத்தில் ஃபேஸ்பிளேட்டை (லேத்தின் சுழலும் அச்சில் மாட்டும், திருகுத் துளைகள் உள்ள வட்டத் தகடு) வைத்துத் தடித்த திருகுகளால் இறுக்குங்கள். திருகுத் துளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம், அந்த இடம் பின்னால் குடைந்து போய்விடும். எதிர்ப்பக்கம் டெயில்ஸ்டாக்கை (கட்டையின் மறுமுனையைத் தாங்கும், லேத்தின் நகரும் பகுதி) முட்டுக் கொடுங்கள். சுவிட்சைப் போடுமுன் கட்டையைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டில் எங்கும் இடிக்கக் கூடாது.

வேகத்துக்குப் பலரும் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. 6000 முதல் 9000 வரையுள்ள எண்ணை, அங்குலத்தில் அளந்த விட்டத்தால் வகுக்க வேண்டும். 8 அங்குலக் கட்டைக்கு நிமிடத்துக்கு 750 முதல் 1125 சுற்று வரும். அது உருண்டையாகி, சமநிலைக்கு வந்த கட்டைக்கான வேகம். கோணல்மாணலான பச்சைக் கட்டையை அதற்கு வெகு கீழே, லேத் நடுங்காத வேகத்தில் ஓட விடுங்கள்.

முகம் முழுவதும் மறைக்கும் கவசம் கட்டாயம். கையுறை, தொங்கும் சட்டைக்கை, மோதிரம், கழுத்துச் சங்கிலி எதுவும் ஆகாது. சுவிட்சைப் போடும்போது கட்டைக்கு நேர் எதிரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.

3. உளி பிடிப்பது

இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். கிண்ணத்துக்கு ஆழமான குழி உளி வேண்டும். அதன் கூர்முனைக்குப் பின்னால், சாணை பிடித்த சரிவான முகம் ஒன்று இருக்கும். முதலில் உளியை டூல் ரெஸ்ட்டில் அழுத்தி வையுங்கள். அடுத்து அந்தச் சரிவு முகத்தின் பின் விளிம்பு மட்டும் மரத்தில் உரசட்டும். இப்போது எதுவும் வெட்டாது. அப்புறம் கைப்பிடியை மெல்ல, மிக மெல்ல உயர்த்துங்கள். ஒரு கட்டத்தில் முனையிலிருந்து மெல்லிய சீவல் எழும்பும். அந்தக் கோணத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கைப்பிடியை இடுப்போடு அணைத்து, உடம்பை நகர்த்துங்கள். சரிவு முகம் உரசிக்கொண்டே போகும்வரை உளி கட்டுக்குள் இருக்கும். உரசல் விட்டு, ஆதரவில்லாத கூர்முனை மரத்தில் பட்டால் உளி வெடுக்கென்று கவ்விக்கொள்ளும்.

காதையும் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். மேடுபள்ளம் இருக்கும்வரை 'டக் டக்' என்று தட்டும். உருண்டையானதும் ஓசை சீராகும். உளி மழுங்கினால் சீவலுக்குப் பதில் தூளாகக் கொட்டும், உடனே சாணை பிடியுங்கள்.

4. வெளி வளைவு

வெளிப்பக்கத்தை அடியிலிருந்து வாயை நோக்கி, அதாவது சிறிய விட்டத்திலிருந்து பெரிய விட்டத்துக்குக் கடையுங்கள். அப்போதுதான் வெட்டுப்படும் நாருக்குப் பின்னால் முட்டுக்கொடுக்க வேறு நார்கள் இருக்கும், மேற்பரப்பு பிய்ந்து வராது.

புதியவர்கள் உள்ளே குடையும் ஆவலில் வெளிப்பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், கிண்ணத்தின் அழகை வெளி வளைவுதான் தீர்மானிக்கிறது. அடிக்கடி லேத்தை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு அடியிலிருந்து விளிம்புவரை விரலை ஓட்டுங்கள். கண் தவறவிட்ட சின்னத் தட்டையைக்கூட விரல் கண்டுபிடித்துவிடும். அடியின் அகலம் வாயில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும். மற்றபடி வளைவு உங்கள் விருப்பம். எனக்கு, செதுக்கலோ வண்ணமோ இல்லாத, ஒரே மூச்சில் ஓடும் கோடுதான் பிடிக்கும்.

அடியில் சக் (பற்களால் கட்டையைக் கவ்வும் லேத்தின் பிடிப்பான்) பிடிக்க ஒரு வட்ட மேடு விட்டு, அதன் தோள் சக்கின் பற்கள்மேல் முழுதாக உட்காரும்படி செய்யுங்கள்.

5. குடைவதும் காய்வதும்

ஃபேஸ்பிளேட்டைக் கழற்றிவிட்டுக் கட்டையைத் திருப்பி, அடி மேட்டைச் சக்கில் மாட்டி, உள்ளே விளிம்பிலிருந்து நடுவை நோக்கிக் குடையுங்கள். சுவரின் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு: 20 செ.மீ. கிண்ணத்துக்கு 2 செ.மீ. எல்லா இடத்திலும் தடிமன் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓரிடம் முந்திக் காய்ந்து விரிசல் விடும்.

எடையையும் தேதியையும் அடியில் பென்சிலால் எழுதி, காகிதப் பைக்குள் போட்டுக் காற்றடிக்காத இடத்தில் வையுங்கள். அவ்வப்போது நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பல மாதம் ஆகலாம். வட்டம் நீள்வட்டமாகியிருக்கும். வளைய ரேகைகளின் போக்கில் மரம் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டைக்குப் போகும் திசையில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் அநேகமாக இல்லை. இந்தக் கோணலைச் சீவி எடுக்கத்தான் அவ்வளவு தடிமன் விட்டோம்.

6. இரண்டாம் கடைசல்

அடி மேடும் கோணியிருக்கும், முதலில் அதை வட்டமாக்குங்கள். பிறகு வெளிப்பக்கம், அப்புறம் உள்பக்கம். உள்ளே விளிம்பருகே கொஞ்சம் கொஞ்சமாக இறுதித் தடிமனுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கீழே இறங்குங்கள். மெலிந்த விளிம்பு அதிரும் என்பதால் அங்கே மறுபடி உளியோடு போகாதீர்கள்.

உப்புத்தாளை 120, 180, 240, 320 என்ற எண் வரிசையில், சொரசொரப்பிலிருந்து மென்மைக்கு, குறைந்த வேகத்தில் தேயுங்கள். தூசி முகமூடி மறக்க வேண்டாம். கடைசியாக ஆளிவிதை எண்ணெய் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றும், அதனால் வெளியே விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.