கனடாவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது விழுந்தால்

வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் பஸ் முழுசாக நிற்கும் முன்பே படியில் இறங்கி நின்று பழகியவர்கள் நாம். விழுந்தாலும் முட்டியைத் தட்டிக்கொண்டு "ஒண்ணும் இல்ல" என்று நடையைக் கட்டுவோம். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 12 வருடம் இருந்துவிட்டு நாகர்கோவில் திரும்பியவன் நான். அங்கே புதிதாகப் போயிருக்கும் நம் மாவட்டத்துக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அந்த "ஒண்ணும் இல்ல"வை அங்கே சொல்லிவிடாதீர்கள்.

அங்கே பஸ்ஸை விட்டு இறங்கும்போது விழுந்த என் சித்தி அப்படித்தான் சொன்னார். ஒரு வாரம் கழித்துத்தான் மணிக்கட்டு முறிந்திருப்பது தெரிந்தது. அதற்குள் பஸ் நம்பரும் நினைவில் இல்லை, பார்த்தவர்களும் இல்லை.

அங்கே வாகன விபத்தில் அடிபட்டால், தப்பு யார் மேல் என்று பார்க்காமலே இன்சூரன்ஸில் சிகிச்சைக்குப் பணம் கிடைக்கும். ஆனால் 2011-இல் வந்த திருத்தத்தின்படி, பொதுப் போக்குவரத்து பஸ் எதிலும் மோதாமல் பயணி விழுந்தால் அந்தப் பணம் கிடையாது. இறங்கும்போது விழுவதும் இதில் சேரும். சடாரென்று பிரேக் போட்டிருந்தாலும், கால் தரையில் படும் முன் பஸ் நகர்ந்திருந்தாலும் இதேதான். கவனக்குறைவு என்று வழக்குப் போடும் வழிதான் மிச்சம். அதற்கு பொதுவாக 2 வருடம் அவகாசம். பயணிக்குச் சாதகமான விஷயமும் உண்டு. பயணி காயம்பட்டால், உரிய கவனத்தோடு ஓட்டினோம் என்று காட்டும் பாரம் போக்குவரத்து நிறுவனத்தின் மேல்தான் என்று கனடா உச்ச நீதிமன்றம் 1940-லேயே சொல்லிவிட்டது.

அதனால் விழுந்த இடத்திலேயே டிரைவரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பஸ் நம்பர், ரூட், நேரம், பக்கத்தில் நின்றவரின் போன் நம்பர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரெஸ்டோ கார்டை (அங்கே பஸ் கட்டணம் செலுத்தும் அட்டை) தட்டியிருந்தால் நீங்கள் ஏறியதற்கு அதுவே சாட்சி. கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படி சீக்கிரமே எழுதிக் கேளுங்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

பஸ்ஸில் தப்பே இல்லாமல், நடைபாதைப் பனியில் வழுக்கியதா? அது நகராட்சியைச் சேர்ந்தது. 10 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்தக் கெடுவைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

அப்புறம், ஊரிலிருந்து பார்க்க வரும் அம்மா அப்பாவுக்கு அரசின் மருத்துவக் காப்பீடு இருக்காது; விசிட்டர் இன்சூரன்ஸ் எடுக்காமல் விமானம் ஏற்றாதீர்கள். முன்கதவுப் பக்கமே உட்காரச் சொல்லுங்கள். கேட்டால் டிரைவர் பஸ்ஸின் வாசல் பக்கத்தைத் தாழ்த்தித் தருவார், பஸ் நின்ற பிறகு எழுந்தால் போதும்.