மேக்பெத் கட்டுரை: தேர்வில் கதை சொல்லாமல் வாதம் எழுதுவது எப்படி?

ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகம் தேர்வுக்கு வந்தால் பலர் செய்வது ஒன்றுதான்: சூனியக்காரிகளில் தொடங்கி மேக்பெத்தின் தலை போகும் வரை கதையை ஒப்பித்துவிட்டு வருவது. திருத்துபவருக்குக் கதை தெரியும். அவருக்கு வேண்டியது உங்கள் வாதம்.

ஒரு மாதிரி வினா: ‘மேக்பெத்தின் வீழ்ச்சிக்குக் காரணம் அவன் மனைவியே. விவாதிக்க.’

முதலில், வினாவில் எந்த இடத்தில் மறுத்துப் பேசலாம் என்று பார்த்து அடிக்கோடிடுங்கள். இங்கே ‘மனைவியே’யில் இருக்கும் அந்த ஏகாரம். அவள் மட்டும்தானா?

அடுத்து, பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்: ‘அரசன் டங்கனைக் கொல்லத் தயங்கியவனைத் தள்ளிவிட்டவள் அவள், பிறகு நடந்த கொலைகளுக்கு அவள் தேவைப்படவே இல்லை.’ இது கிடைக்காமல் முன்னுரையைத் தொடவேண்டாம்.

இனி சான்றுகள். மூன்று போதும். முதல் அங்கம் ஏழாம் காட்சியில் ‘இதோடு விட்டுவிடுவோம்’ என்கிறான் மேக்பெத். அவள் அவனுடைய ஆண்மையையே கேள்வி கேட்கிறாள். காட்சி முடிவதற்குள் துணிந்துவிடுகிறான். மூன்றாம் அங்கத்தில் நண்பன் பாங்கோவைக் கொல்ல ஆள் அனுப்பிவிட்டு, ‘உனக்குத் தெரியவேண்டாம், முடிந்தபின் பாராட்டு’ என்று அவளிடம் மறைக்கிறான். நான்காம் அங்கத்தில், தன்னை எதிர்க்கும் பிரபு மக்டஃபின் மனைவி மக்களைக் கொல்ல முடிவெடுக்கும்போது மேக்பெத்தின் மனைவி பக்கத்திலேயே இல்லை.

மதிப்பெண் உண்மையில் விழுவது பத்திக்குள்தான். நடந்ததைச் சொல்லி நிறுத்தாமல் சொற்களுக்குள் போங்கள். டங்கன் கொலை நடந்த இரவில், கையில் படிந்த ரத்தத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் போதும் என்கிறாள். ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்துகொண்டே, அரேபியாவின் வாசனைத் திரவியங்கள் அத்தனையும் சேர்ந்தாலும் இந்தச் சின்னக் கை மணக்காது என்கிறாள். மூலத்தில் தண்ணீருக்கும் கைக்கும் ஒரே ‘லிட்டில்’தான். அவன் எழுதிய கடிதத்தை வாசிக்கும் இடத்தை விட்டால், முன்பெல்லாம் செய்யுளில் பேசியவள் இங்கே உடைந்த உரைநடையில் பேசுகிறாள். இதை அப்படியே வாதத்தோடு கட்டுங்கள்: தூண்டியவளால் ஒரு கொலையைக்கூடத் தாங்க முடியவில்லை, அவனோ அடுத்தடுத்துப் போய்க்கொண்டே இருக்கிறான். அப்படியானால் முழுப் பழியையும் அவள் தலையில் போட முடியாது.

எதிர்வாதம் ஒன்றையாவது தொடுங்கள். மேக்பெத் அரசனாவான் என்ற சூனியக்காரிகளின் வாக்குதான் காரணம் என்று யாராவது சொல்லலாம். அதே வாக்கைப் பாங்கோவும் கேட்டான், அவன் யாரையும் கொல்லவில்லை. இரண்டு வரி, முடிந்தது.

வரலாறும் அளவோடு. முதலாம் ஜேம்ஸ் 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறியதும், அவரைக் கொல்ல நடந்த 1605 வெடிமருந்துச் சதியும், அரசனைக் கொல்வது பற்றிப் பேசும் இடத்தில் ஒரு வரியாக வந்தால் அழகு. முன்னுரை முழுக்க ஷேக்ஸ்பியரின் வாழ்க்கை வரலாறு எழுதுவது, என்னைக் கேட்டால், வீண் வேலை.

காட்சி எண் மறந்துவிட்டால் தவறான எண்ணைப் போடாதீர்கள். ‘விருந்துக் காட்சி’ என்றாலே புரியும். கடைசி ஐந்து நிமிடத்தைப் பெயர்களைச் சரிபார்க்க வையுங்கள். மால்கம் டங்கனின் மகன். மேக்பெத்தைக் கொல்பவன் மக்டஃப். அவசரத்தில் இந்த இருவரும்தான் இடம் மாறிவிடுவார்கள்.