ஹவுஸிங் கண்ணாடியில் பனிமூட்டம்: என் அனுபவம்

கடலுக்குள் படமெடுக்க இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஹவுஸிங்கின், அதாவது கேமராவுக்குள் தண்ணீர் புகாமல் காக்கும் உறையின், முன்கண்ணாடி உள்பக்கமாக மங்கிவிடும். படமெல்லாம் வெளிறிப்போய் வரும். கசிவோ என்றுதான் முதல் பயம். ஹவுஸிங் மூடும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றி விரல் நுனியால் சுற்றிலும் வருடிப் பார்த்தேன். முடி, மணல், கீறல் எதுவும் இல்லை. கேமரா இல்லாமல் டிஷ்யூ பேப்பரை மட்டும் உள்ளே வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அமுக்கியும் வைத்தேன். பேப்பர் மொறமொறவென்று அப்படியே இருந்தது.

ஆக, வில்லன் உள்ளே அடைபட்ட காற்றுதான். அதிலுள்ள ஈரத்தைக் கேமராவின் சூடு கிளப்பிவிடுகிறது. வெளியே கடல்நீர் கண்ணாடியைக் குளிர வைக்கிறது. ஈரம் அங்கே போய்ப் படிகிறது. வெப்பத்தை எளிதில் கடத்தாத பாலிகார்பனேட் (ஒருவகை உறுதியான பிளாஸ்டிக்) ஹவுஸிங்கில் இந்தத் தொல்லை கூடுதல்.

இப்போது காற்றில் ஈரம் குறைவாக இருக்கும் ஏசி அறையிலேயே கேமராவைப் பொருத்தி மூடிவிடுகிறேன். கூடவே ஈரத்தை உறிஞ்சும், நன்றாகக் காய்ந்த சிலிக்கா ஜெல் பொட்டலம், ஓ-ரிங்கில் சிக்காத மூலையில். படகில் வெயில் படாமல் ஈரத்துணி போர்த்தி வைக்கிறேன். எடுக்காத நேரத்தில் கேமராவை அணைத்தும் விடுகிறேன். மூட்டம் வருவதில்லை.

ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் லேசாகப் பளபளத்தால் போதும். அப்பித் தள்ளினால் தூசியைத்தான் கூட்டிவரும்.