தொங்கு வயிறு ஏற, முதுகு நிரம்ப: விழாக் காளைக்கு மூன்று மாதத் தீனி

வைக்கோலையே நம்பி வளர்த்த காளைக்கு வயிறு பானை மாதிரி தொங்கும், முதுகெலும்பு கத்தி மாதிரி துருத்தி நிற்கும். வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்குதான். செரிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கே அது பத்தாது. தின்றது பெருவயிற்றில், அதாவது மாட்டின் முதல் இரைப்பையில், தேங்கிக் கிடக்கும். சதையாகப் போய்ச் சேராது. எலும்புக்கூடு மாட்டின் பிறவி. வளர்ந்த மாட்டின் உயரத்தையும் கால் நீளத்தையும் எந்தத் தீனியும் மாற்றாது. மாற்ற முடிந்தது வயிறும், முதுகும், தொடையும்.

பொங்கலுக்குப் பிறகு காளைகளை ஓடவிடும் எருது விடும் விழாவில் இறக்குவதாக இருந்தாலும், கண்காட்சியில் நிறுத்துவதாக இருந்தாலும், வேலூர் பக்கத்துப் பொய்கையில் கூடும் செவ்வாய் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிப் போவதாக இருந்தாலும், ஐப்பசி பிறக்கும்போதே ஆரம்பித்துவிட வேண்டும். தை பிறக்க 90 நாள் இருக்கும். கடைசி மாதத்தில் அள்ளிக் கொட்டினால் கழிச்சல்தான் மிச்சம்.

முதலில் எடை. நீளமான டேப்பால் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். தோள் முனையிலிருந்து வால் பக்கத்து எலும்பு வரை நீளம். இரண்டும் அங்குலத்தில். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ. 64 சுற்று, 54 நீளம் என்றால் ஏறக்குறைய 335 கிலோ. வயிற்றுப் பூச்சி மருந்தின் அளவும் இந்தக் கணக்கில்தான். ஏரிக்கரையில் மேய்ந்த மாட்டுக்குக் கல்லீரல் தட்டைப்புழு இருக்கலாம். வழக்கமான குடற்புழு மாத்திரை அதற்குப் போதாது. கால்நடை மருந்தகத்தில் சாணியைக் காட்டிவிட்டு மருந்து வாங்குங்கள். புழுவோடு இருக்கும் மாட்டுக்குப் புண்ணாக்கு போடுவது புழுவுக்குப் போடுவது.

கலப்புத் தீவனம் 100 கிலோவுக்கு: மக்காச்சோள உடைசல் 35, கடலைப் புண்ணாக்கு 20, கோதுமைத் தவிடு 20, உளுந்துப் பொட்டு 12, பருத்திக்கொட்டை 10, தாது உப்புக் கலவை 2, கல் உப்பு 1. மக்காச்சோளத்தை மாவாக அரைக்க வேண்டாம், மூன்று நான்கு துண்டாக உடைந்தால் போதும். பருத்திக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து ஆட்டிச் சேர்ப்பது நம்ம பக்கத்துப் பழக்கம், நல்ல பழக்கமும்கூட.

300 கிலோ மாட்டுக்கு முடிவில் ஒரு நாளைக்கு மூன்று கிலோ கலப்பு, பத்து கிலோ கோ-4 புல் (கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்), இரண்டரை கிலோ கேழ்வரகுத் தட்டை (காய்ந்த தாள்) அல்லது கடலைக்கொடி. தட்டையை விரல் நீளத்துக்கு நறுக்கிப் போடுங்கள். வைக்கோலை ஒரேயடியாக நிறுத்தாமல் இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கலப்பும் ஒரு கிலோவில் ஆரம்பித்து நான்கு நாளுக்கு அரைக் கிலோ வீதம் ஏறட்டும். காலை பாதி, மாலை பாதி. தட்டை தின்ற பிறகுதான் கலப்பு. வெறும் வயிற்றில் உடைசல் போனால் அமிலம் ஏறும்.

சாணி எல்லாவற்றையும் சொல்லிவிடும். இரண்டு அங்குல உயரத்துக்கு அடுக்காக விழுந்தால் சரி. பளபளப்பாக, குமிழோடு, புளித்த வாடை அடித்தால் கலப்பை அன்றே பாதியாக்குங்கள். வறட்டி மாதிரி இறுகி விழுந்தால் தண்ணீரும் பச்சையும் பத்தவில்லை.

பத்து நாளைக்கு ஒருமுறை கடைசி விலா எலும்புகளைத் தடவுங்கள். உங்கள் கையை முஷ்டியாக மடக்கி முட்டியைத் தடவினால் எப்படி இருக்குமோ, விலா அப்படி இருந்தால் மெலிவு. விரித்த புறங்கையைத் தடவுவது போல, எலும்பு தெரிந்தும் மேலே மெல்லிய படலம் இருந்தால் அதுதான் பதம். உள்ளங்கை மேடு மாதிரி மெத்தென்றால் கொழுப்பு. அரைக் கிலோ உடைசலைக் குறைத்து நடையைக் கூட்டுங்கள். தொடைச்சதை தீனியால் மட்டும் திரளாது. பாலாற்று மணலில் தினமும் மூன்று கிலோமீட்டர் நடத்த வேண்டும்.

ஐப்பசி கார்த்திகை மழையில் புண்ணாக்கு பூசணம் பிடிக்கும். தட்டி வெயிலில் காயவைத்தாலும் பூசணத்தின் நஞ்சு போகாது, ஈரலைக் கெடுக்கும். தூக்கிப் போடுங்கள், காசு போனால் போகட்டும். காயடித்த எருதாக இருந்தால் இன்னொரு கவலை: தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. அது மூத்திரக் கல்லில் கொண்டு விடும். தாது உப்பையும் கல் உப்பையும் விட்டுவிடாமல், தொட்டியில் எப்போதும் தண்ணீர் வைத்திருங்கள். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் பெய்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மாட்டுப் பொங்கலன்று வீட்டுக்கு வீடு ஊட்டும் பொங்கலும் சோறும்தான் பெரிய ஆபத்து. ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். இடப்பக்கம் இடுப்பெலும்புக்கு முன்னால் உள்ள பள்ளம் உப்பி, அசைபோடுவது நின்றால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

விழாவுக்கு முந்தின நாள் தட்டையைப் பாதியாகக் குறைத்தால் வயிறு ஏறி நிற்கும். தண்ணீரைக் குறைக்கக் கூடாது. ஓடுவதற்கு நான்கு மணி நேரம் முன்பே தீனி முடிந்திருக்கட்டும். ஓடி வந்ததும் நிழலில் கட்டி, மூச்சு அடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டுங்கள், அப்புறம் பச்சைப்புல். கலப்பு ராத்திரிக்கு, அதுவும் பாதிதான்.